வாரம் ஒரு மணி நேரம்: பள்ளிக் குழந்தைக்கு மென்டராக இருப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குழந்தைக்கு வாராவாரம் துணையாக வந்துபோகும் பெரியவராக, அதாவது மென்டராக, சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எனக்கே கணக்கு தகராறு, நான் போய் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" அடுத்த வருடமும் இதே நாளில் இதே நேரம் தனக்கு ஒழியுமா என்று யோசித்துவிட்டு வருபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் குழந்தைக்கு முக்கியம் இந்த இரண்டாவது கேள்விதான். கணக்கை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். வருகிறேன் என்று சொன்னவர் வராமல் போனால், அந்த நாற்காலியில் வேறொருவரைச் சட்டென்று உட்கார வைக்க முடியாது.

சில வருடங்களாக வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் போய் ஒரு குழந்தையோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இந்தக் கட்டுரையில் பாதி, முதல் வருடம் நான் செய்த தப்புகள். மீதி, பயிற்சியில் கேட்டதும் பிறகு தேடிப் படித்ததும். 6 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளின் கதை வேறு.

மென்டர் என்பவர் யார், யார் இல்லை

ஒரு குழந்தைக்குப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் அதனிடம் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்: எழுது, படி, சாப்பிடு, குளி, சத்தம் போடாதே. அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது. மென்டர் என்பவர் அந்த ஒரு குழந்தைக்காக மட்டும் வருகிற, மதிப்பெண் போடாத ஒரு பெரியவர். டியூஷன் எடுப்பவர் இல்லை. மனநல ஆலோசகர் இல்லை. இன்னொரு அம்மாவோ அப்பாவோ நிச்சயமாக இல்லை.

இந்த யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1904இல் நியூயார்க்கின் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் எர்னஸ்ட் கோல்ட்டர். வழக்கில் சிக்கி வரிசையாக வந்து நிற்கும் பையன்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அவர், ஆளுக்கொரு பையனுக்கு நண்பனாக இருங்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார். 'பிக் பிரதர்ஸ்' என்ற இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அவர் யாரையும் பாடம் நடத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு தகவலும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டில் ஓயாத சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளைச் சேர்த்துச் சுமந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட விஷயங்களில் ஒன்று, அவர்கள்மேல் விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர். அது பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அந்த 'விடாமல்' என்ற சொல்லைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றிச் சுற்றி வரப்போகிறேன்.

1. சேரும் முன்: கையில் ஒரு வருடம் இருக்கிறதா?

வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஒரு கல்வியாண்டு. பல அமைப்புகள் கேட்பது ஏறக்குறைய இதுதான். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். போகவர ஆகும் நேரம், அடுத்த வாரத்துக்குப் புத்தகம் தேடுவது, சந்திப்பு முடிந்ததும் குறிப்பு எழுதுவது எல்லாவற்றையும் கூட்டினால் எனக்கு வாரம் இரண்டரை மணி நேரம் ஆகிறது. மனதில் அந்தக் கணக்கோடு தொடங்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரைகுறையாக விட்டுப்போவது வெறும் நஷ்டமல்ல, தீங்கு. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரு மென்டரும் ஒரு பிள்ளையும் சேர்ந்தது ஓர் இணை. ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த இணைகளில் பிள்ளைகளுக்கு அதிகப் பலன் கிடைத்தது. காலம் குறையக் குறையப் பலனும் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த இணைகளில் பிள்ளைகளின் தன்மதிப்பே இறங்கியிருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 10 முதல் 16 வயதுக்காரர்கள். சின்னக் குழந்தைக்கு இது பொருந்தாது என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வராமல் போனவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். குழந்தை அதையெல்லாம் யோசிக்காது. தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

அதனால் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நேர்மையாகப் பாருங்கள். ஆறு மாதத்தில் வேலை மாறும் வாய்ப்பு இருக்கிறதா? வீடு மாறப்போகிறீர்களா? பெரிய தேர்வு எதற்காவது தயாராகிறீர்களா? ஆம் என்றால் இப்போது வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் மட்டும் போய்க் கதை வாசிப்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, விளையாட்டு விழாவுக்கு உதவுவது என்று தொடர்ச்சி தேவைப்படாத வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கும் ஆள் வேண்டும்.

எதற்காகச் சேருகிறோம் என்றும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். சான்றிதழுக்காகச் சேருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை; ஒழுங்காக வந்தால் போதும். "ஒரு குழந்தையின் வாழ்க்கையையே மாற்றப்போகிறேன்" என்று வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். வாழ்க்கை மாறாதபோது அவர்கள் அந்தக் குழந்தைமேலேயே கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. எந்த அமைப்பு வழியாக?

தெரிந்த வீட்டுக் குழந்தைக்கு நானே மென்டராக இருந்துவிடுகிறேனே என்று தோன்றலாம். பள்ளியோ பதிவுபெற்ற அமைப்போ நடுவில் இருப்பது நல்லது. குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. சிக்கல் வந்தால் தொலைபேசியில் கூப்பிட ஒருவர் இருப்பார்.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களும் அவர்களை நேர்காணல் செய்யுங்கள். உங்கள் பின்னணியை எப்படிச் சரிபார்க்கிறார்கள்? ஒன்றும் சரிபார்க்காமல் "நாளைக்கே வந்துவிடுங்கள்" என்றால், உங்களுக்கு முன்னால் வந்தவரையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள். அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பயிற்சி எத்தனை மணி நேரம்? சேர்ந்த பிறகும் பயிற்சி உண்டா? சந்திப்பு எந்த இடத்தில் நடக்கும்? குழந்தையின் பாதுகாப்பு குறித்த சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் பெயர் என்ன? பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்குகிறார்களா? குழந்தையிடமும் "உனக்கு இதில் இஷ்டமா?" என்று கேட்கிறார்களா? கடைசிக் கேள்விக்குத் திணறுகிற அமைப்புகள்தான் அதிகம். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்வதே, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்பதுதான்.

இந்தக் கேள்விகள் சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. டேவிட் டுபோய்ஸும் அவரது குழுவினரும் 2002இல் 55 மதிப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மென்டர் திட்டங்களின் சராசரிப் பலன் மிதமானதாகத்தான் இருந்தது. தொடர் பயிற்சி, ஒழுங்குபடுத்திய செயல்பாடுகள், பெற்றோரின் ஈடுபாடு போன்றவை உள்ள திட்டங்களில் பலன் கூடியது. அன்பு மட்டும் போதாது, பின்னால் ஓர் ஏற்பாடும் வேண்டும்.

3. விண்ணப்பமும் பயிற்சியும்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடையாளச் சான்று, உங்களைத் தெரிந்த இருவரின் பரிந்துரை, காவல்துறைச் சரிபார்ப்பு, ஒரு நேர்காணல். சில வாரங்கள் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் உங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பேச்சு குறைவான ஆள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஓயாமல் பேசும் குழந்தைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆள் தேவைப்படலாம். பயிற்சி வகுப்பில் தூக்கம் வந்தாலும் பாதுகாப்பு பற்றிய பகுதியில் மட்டும் விழித்திருங்கள்.

4. முதல் சந்திப்பு

முதல் நாள் நான் ஒரு பை நிறையப் பொருள்களோடு போனேன். படப் புத்தகங்கள், வண்ணப் பென்சில்கள், கணக்கு அட்டைகள், ஒரு கால அட்டவணை வேறு. அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க வெளியே வரவில்லை. தேர்வு நடத்த வந்த ஆள் என்று நினைத்திருக்கிறாள். இது எனக்குத் தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

அதனால் முதல் நாளுக்குக் குறைவாகக் கொண்டுபோங்கள். வெற்றுத் தாள், இரண்டு பென்சில், ஓர் எளிய விளையாட்டு. போதும். ஆசிரியரோ ஒருங்கிணைப்பாளரோ அறிமுகம் செய்துவிட்டு முதல் பத்து நிமிடம் கூடவே இருக்கட்டும். எதிரெதிராக உட்காராமல், மேஜையின் ஒரே மூலையை ஒட்டிப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடுகிறது. கையில் ஏதாவது வேலை இருக்கும்போது குழந்தைகள் தானாகப் பேசுகிறார்கள். இருவரும் சேர்ந்து ஒரு படம் வரையுங்கள். நீங்கள் மோசமாக வரைபவர் என்றால் இன்னும் நல்லது.

முதல் நாளில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் யார், ஏன் வந்திருக்கிறீர்கள்: "உன்கூட விளையாடவும் படிக்கவும் வந்திருக்கேன்." எப்போதெல்லாம் வருவீர்கள்: கிழமையும் நேரமும். உங்களை எப்படிக் கூப்பிடலாம்: அக்காவா, அண்ணாவா, மாமாவா, பெயர் சொல்லியா. அதை அந்தக் குழந்தையே முடிவு செய்யட்டும். என்னைப் பல வாரங்கள் "சார்" என்றே கூப்பிட்டவள், ஒரு நாள் பேச்சுவாக்கில் "மாமா" என்றாள். நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கேள்விகளைக் குறையுங்கள். "அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனையாவது ரேங்க்?" இதெல்லாம் முதல் நாள் வேண்டாம். அப்பா இல்லாத குழந்தையாக இருக்கலாம். ரேங்க் பற்றிப் பேசிப் பேசியே உங்களிடம் அனுப்பப்பட்ட குழந்தையாகவும் இருக்கலாம்.

5. அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது?

ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசை இருப்பது சின்னக் குழந்தைக்கு நிம்மதி. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பதற்றம் குறையும். நான் வைத்திருக்கும் வரிசை இது: முதல் பத்து நிமிடம் பேச்சு, அப்புறம் இருபது நிமிடம் வாசிப்பு, அதற்கப்புறம் குழந்தை தேர்ந்தெடுக்கும் விளையாட்டோ வரைதலோ, கடைசி ஐந்து நிமிடம் எடுத்ததை எல்லாம் அடுக்கிவைத்துவிட்டு அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசுவது. ஆறு வயதுக் குழந்தைக்கு இருபது நிமிட வாசிப்பு அதிகம். பத்தாகக் குறைத்து நடுவில் எழுந்து நடக்க விடுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே திட்டமிடாதீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். கிறிஸ்டின் மாரோ, மெலனி ஸ்டைல்ஸ் இருவரும் 1995இல் 82 இணைகளை ஆராய்ந்தார்கள். பிள்ளையைத் திருத்துவதையே குறியாக வைத்துக்கொண்டு, இலக்கையும் வேகத்தையும் தாங்களே தீர்மானித்த பெரியவர்களின் உறவு சீக்கிரம் கசந்தது. முதலில் நட்பு அமையட்டும் என்று பிள்ளையின் விருப்பத்தை ஒட்டிப் போனவர்களின் உறவுதான் நிலைத்தது. என் கணக்கு அட்டைகளும் கால அட்டவணையும் எந்த வகையில் சேரும் என்று சொல்லத் தேவையில்லை.

வாசிப்புக்கு எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான முறை 'இணை வாசிப்பு'. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் டாப்பிங் இதைப் பரவலாக்கியவர்களில் ஒருவர். புத்தகத்தைக் குழந்தையே எடுக்கட்டும். இருவரும் ஒரே நேரத்தில், குழந்தையின் வேகத்துக்கு, வாய்விட்டுப் படியுங்கள். தனியாகப் படிக்கத் துணிவு வந்ததும் குழந்தை மேஜையில் தட்டும், நீங்கள் நிறுத்திக்கொள்வீர்கள். தடுமாறினால் நாலைந்து நொடி காத்திருங்கள். வரவில்லை என்றால் அந்தச் சொல்லை நீங்களே சொல்லுங்கள், குழந்தை திரும்பச் சொல்லட்டும், மறுபடி இருவரும் சேர்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டச் சொல்லி நச்சரிக்கக் கூடாது, "போன வாரம்தானே சொன்னேன்" என்று சலித்துக்கொள்ளவும் கூடாது. என்னிடம் வந்த குழந்தை மேஜையைத் தட்டுவதையே ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள். இரண்டு வரிக்கு ஒரு தரம் தட்டி என்னை வாயை மூட வைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

புத்தகம் கடினமா என்று பார்க்க ஒரு கை போதும். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கிவிட்டால் அதை நீங்கள் வாசித்துக்காட்டுங்கள். "இது உனக்குக் கஷ்டம்" என்று பிடுங்கி வைக்காதீர்கள். ஒரே புத்தகத்தை ஐந்து வாரம் தொடர்ந்து கேட்டாலும் பரவாயில்லை.

கணக்குக்கு இரண்டு பகடைக் காய்களும் ஒரு சீட்டுக்கட்டும் போதும். பகடையைக் கூட்டி, கழித்து, பெரியவனானதும் பெருக்கி விளையாடலாம். விளையாட்டில் வேண்டுமென்றே தோற்கலாமா? இதற்கு நான் ரொம்ப நாள் பதில் தேடினேன். ஆறு வயதில் எப்போதாவது விட்டுக்கொடுப்பேன். எட்டு வயதுக்கு மேல் கண்டுபிடித்துவிடுகிறார்கள், கண்டுபிடித்ததும் அவமானப்படுகிறார்கள். அதிர்ஷ்டத்தை நம்பிய விளையாட்டாக எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. நீங்கள் தோற்கும்போது எப்படித் தோற்கிறீர்கள் என்பதை அந்தக் குழந்தை உன்னிப்பாகக் கவனிக்கும்.

6. கேட்பது, காத்திருப்பது, பாராட்டுவது

மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது. மூன்று நொடி ஒன்றுமில்லை என்று தோன்றும். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று புரியும்.

"ஸ்கூல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று பதில் வரும், அத்தோடு பேச்சு முடிந்தது. "இன்னைக்கு யார் ரொம்பச் சிரிக்க வைச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அல்லது கேட்கவே வேண்டாம், உங்களுக்கு அன்று நடந்த ஒரு சொதப்பலைச் சொல்லுங்கள். பேருந்தைத் தவறவிட்டது, சட்டையில் மை கொட்டிக்கொண்டது. பெரியவர்களும் சொதப்புகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தை தன் கதையை எடுக்கும்.

போன வாரம் சொன்னதை நினைவில் வைத்திருப்பது எந்தப் பரிசையும் விடப் பெரிது. அதற்காக ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். சந்திப்பு முடிந்ததும் மூன்று வரி: என்ன படித்தோம், எதற்குச் சிரித்தாள், அடுத்த வாரம் எதைக் கேட்க வேண்டும். "அந்த ஆடாத பல் விழுந்ததா?" என்று நான் கேட்டபோது, "ஆடுற பல்" என்று திருத்திவிட்டு வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள்.

பாராட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு புதிரைப் போட்டு முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்றும், சிலரை நன்றாக முயன்றாய் என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்ற பட்டம் வாங்கியவர்கள் அடுத்துச் சுலபமானதையே தேடினார்கள். ஒரு தோல்விக்குப் பிறகு அவர்கள்தான் அதிகம் துவண்டார்கள். அதனால் "நீ கெட்டிக்காரி" என்பதைக் குறைத்து, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "அந்த நீளமான வார்த்தையை மூணு தடவை முயற்சி பண்ணினே, கடைசியில வந்துடுச்சு." இப்படிச் சொல்ல முதலில் நாக்கு வளையாது. பழகிவிடும்.

7. எல்லைகள்

இதைத் தளர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. சந்திப்பு எப்போதும் மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில்: நூலகம், கதவு திறந்த அறை, வகுப்பின் ஓரம். அமைப்பின் அனுமதி இல்லாமல் வெளியே கூட்டிப்போகக் கூடாது, வாகனத்தில் ஏற்றக் கூடாது, வீட்டுக்கு அழைக்கக் கூடாது. தனிப்பட்ட தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டாம். புகைப்படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது. முகத்தை மறைத்தும் போடாதீர்கள், பெயரை மாற்றி அதன் வீட்டுக் கதையைச் சொல்லியும் போடாதீர்கள். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டால் தள்ளிவிட வேண்டியதில்லை. தோளில் லேசாகத் தட்டிவிட்டு பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். தொடுவதை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

பரிசுப் பொருள் விஷயத்தில் அமைப்பின் விதியைக் கேளுங்கள். விதி இல்லை என்றாலும் வாங்கிக்கொடுக்கும் பழக்கம் வேண்டாம். இரண்டு முறை வாங்கிப்போனால் மூன்றாவது முறை உங்கள் முகத்தைப் பார்க்காமல் பையைத்தான் பார்ப்பார்கள். வாங்கித்தர முடியாத பெற்றோருக்கும் அது சங்கடம்.

8. குழந்தை ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னால்

ஒரு நாள் "ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று வரலாம். பெரும்பாலும் அது யாரோ பென்சிலைத் திருடிய கதையாகத்தான் இருக்கும். எப்போதாவது அப்படி இருக்காது. அதனால் முன்கூட்டியே ஒரே பதிலைப் பழகிக்கொள்ளுங்கள்: "நீ சொல்றதைக் கேட்கிறேன். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடிய பெரியவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்."

யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், சாப்பாடு கிடைப்பதில்லை என்பது போல எதையாவது சொன்னால், முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். "மாமாவா அடிச்சார்?" என்று நீங்களே பெயரை எடுத்துக்கொடுக்காதீர்கள், பின்னால் விசாரணைக்கு அதுவே சிக்கலாகும். "சொன்னது நல்லதுதான், உன்மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். குழந்தை போனதும், அது பயன்படுத்திய அதே சொற்களில், தேதி நேரத்தோடு எழுதுங்கள். அன்றைக்கே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். உறுதிசெய்வது உங்கள் வேலை இல்லை. நீங்களாகப் பெற்றோரிடம் போய்க் கேட்பதும் கூடாது. அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வராமல் போகலாம். ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள், அவர் இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

9. ஆசிரியரும் வீட்டாரும்

ஆசிரியரிடம் மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் பேசினால் போதும். அவரை விடக் குழந்தையை உங்களுக்குத் தெரியும் என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வகுப்பில் இன்னும் பல குழந்தைகள் இருக்கிறார்கள், உங்களிடம் ஒன்றுதான். பெற்றோரைச் சந்திக்க நேர்ந்தால் குழந்தை செய்த ஒரு நல்ல காரியத்தோடு தொடங்குங்கள். பள்ளியிலிருந்து வரும் செய்தி என்றாலே புகார்தான் என்று பழகியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

10. இழுபறி மாதங்கள்

முதல் சில வாரப் புதுமை தீர்ந்ததும் மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரு மந்தம் வரும். குழந்தை வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், புத்தகத்தைத் தூக்கி எறியும், "உங்களைப் பிடிக்கலை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். விட்டுப்போன பெரியவர்களைப் பார்த்துப் பழகிய குழந்தை, நீங்களும் போய்விடுவீர்களா என்று இப்படித்தான் சோதிக்கும். பதிலுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "சரி, இன்னைக்குப் பேச வேண்டாம். நான் இங்கேயே இருக்கேன். அடுத்த புதன்கிழமையும் வருவேன்." சொன்னபடி புதன்கிழமை போய் நில்லுங்கள்.

உடம்பு சரியில்லை என்றால் போகாதீர்கள், ஆனால் தகவல் குழந்தையின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். அலுவலகத்தில் சொல்லிவிட்டேன் என்பது போதாது. ஒருமுறை நான் சொல்லிவிட்ட தகவல் எங்கோ நடுவில் நின்றுவிட்டது. அவள் ஒரு மணி நேரம் நூலகத்தில் காத்திருந்திருக்கிறாள். அடுத்த வாரம் மறுபடி மேஜைக்குக் கீழே போய்விட்டாள். நானும் கீழே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். அன்று தரையில்தான் படித்தோம்.

மதிப்பெண் ஏறவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 10 நகரங்களில் 1,139 பிள்ளைகளை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், பள்ளியில் நடக்கும் மென்டர் சந்திப்புகளால் கல்வியாண்டின் முடிவில் படிப்பில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அடுத்த ஆண்டின் நடுவில் திரும்பிப் பார்த்தபோது அது பெரும்பாலும் கரைந்திருந்தது. அதற்குள் பலருக்குச் சந்திப்பே நின்றுபோயிருந்தது. அதனால் முடிந்தால் இரண்டாவது ஆண்டும் அதே குழந்தையோடு தொடருங்கள். விடுமுறை மாதங்களில் பள்ளி வழியாக ஒரு கடிதமோ வரைந்த படமோ அனுப்ப முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

11. விடைபெறுவது

எல்லா இணையும் ஒரு நாள் முடியும். முடிவை மறைக்கக் கூடாது. குறைந்தது நான்கு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு 'நான்கு வாரம்' என்றால் பிடிபடாது. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒன்றாக வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். காரணத்தை உண்மையாகச் சொல்லுங்கள். "நீ செய்த எதனாலும் இல்லை" என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "அப்பப்போ வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நிச்சயமாக வரப்போகிறீர்கள் என்றாலொழிய அது பொய். திடீரென்று விலக வேண்டி வந்தாலும், ஒரு தடவையாவது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசிச் சந்திப்பு விழாவாக வேண்டாம், வழக்கமான வரிசையே நடக்கட்டும். நான் செய்தது ஒன்றுதான்: வருடம் முழுக்கச் சேர்ந்து படித்த புத்தகங்களின் பெயர்களையும், யார் எத்தனை விளையாட்டில் ஜெயித்தோம் என்ற கணக்கையும், அவள் வரைந்த படங்களையும் ஒரு நோட்டில் ஒட்டிக் கொடுத்தேன். அவள் கணக்கைச் சரிபார்த்து, ஒரு வெற்றியைக் குறைத்துவிட்டதாகச் சண்டை போட்டாள். திருத்திக் கொடுத்தேன்.

ரொம்ப அழுவாள் என்று இரண்டு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். மணி அடித்ததும் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரி மாமா, போயிட்டு வாங்க" என்றாள். மைதானத்தில் யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள். நான் நாற்காலிகளை உள்ளே தள்ளிவிட்டு, பகடைகளைப் பெட்டியில் போட்டு, ஒருங்கிணைப்பாளருக்குக் கடைசிக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.